ஓர் உறையில் இரு வாள்

2006 ஜனவரி 4. கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரத்து ரோஸ் பவுல் மைதானம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அந்தப் பருவத்தின் சாம்பியன் யார் என்று முடிவாகும் ஆட்டம். தொடர்ந்து 34 ஆட்டங்களை வென்றிருந்த தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணி, டெக்சாஸை 38-33 என்று முந்தி நிற்கிறது. முடிய இன்னும் இரண்டு நிமிடமும் சில நொடிகளும்தான். பந்து அவர்களிடம், ஆனால் கடைசி முயற்சி. இரண்டு யார்டு போகவேண்டும். ஆறடி நிலம். அது கிடைத்துவிட்டால் கடிகாரத்தை ஓடவிட்டே ஆட்டத்தை முடித்துவிடலாம்.

அந்த அணியில் இரண்டு ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். ரெஜி புஷ் அந்தப் பருவத்தில் 200 முறை பந்தை ஏந்தி 1,740 யார்டு ஓடியவர். சில வாரங்களுக்கு முன்புதான், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையைக் கையில் வாங்கியிருந்தார். லெண்டேல் ஒயிட் 1,302 யார்டு ஓடி 24 டச்டவுன் போட்டவர், அதாவது 24 முறை பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டியவர். ஒருவர் மின்னல், மற்றவர் இடி என்று அழைக்கப்பட்டார்கள். அந்த ஆறடிக்காகப் பந்து ஒயிட்டிடம் போனது. டெக்சாஸ் வரிசை அவரை மறித்து நிறுத்தியது. புஷ் அப்போது களத்திலேயே இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 19 நொடி மீதமிருக்கையில் டெக்சாஸின் வின்ஸ் யங் பந்தோடு எல்லையைத் தாண்டினார். 41-38.

பந்தை ஏன் புஷ்ஷிடம் தரவில்லை என்று இன்றுவரை கேட்கிறார்கள். என் பார்வையில் அந்தக் கேள்வி வீண். ஒயிட் அன்றைக்கு 124 யார்டு ஓடி மூன்று டச்டவுன் போட்டவர். நெருக்கடியான இடத்தில் முட்டித் தள்ள அவரைவிட்டால் ஆளில்லை. பந்து அவரிடம் போனது சரி. பந்து இல்லாத புஷ்ஷை ஏன் வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டாகவேண்டும்.

கால்பந்து என்று பெயர் இருந்தாலும் இந்த ஆட்டத்தில் பந்தை உதைப்பது குறைவு. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. அவர் அதை முன்னால் வீசலாம், அல்லது பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடச்சொல்லலாம். முன்வரிசையில் ஐந்து லைன்மேன்கள் எதிரிகளை முட்டி வழி திறப்பார்கள்.

ஓட்டத்தின்போது இந்த 11 பேரில் பந்தை ஏந்தியவர் போக மிச்சம் 10. பந்தைக் கொடுத்துக் கைகழுவிய குவார்ட்டர்பேக்கையும் கழித்தால் எதிரியை மறிக்க 9 பேர்தான். எதிரே 11 பேர் நிற்கிறார்கள். வீச்சுக்குக் காவலாக ஓரிருவர் வெகு பின்னால் நின்றாலும், தற்காப்பு அணிக்கு எப்போதும் ஓர் ஆள் கூடுதலாக இருக்கும் வாய்ப்பு உண்டு. தாக்கும் அணியின் பயிற்சியாளருக்கு வாழ்நாள் முழுவதும் அந்த ஒற்றை ஆள்தான் தலைவலி. அவனை ஒன்று மறிக்கவேண்டும், இல்லை ஏமாற்றி வேறு பக்கம் அனுப்பவேண்டும். இரண்டாவது ரன்னிங் பேக்கின் மதிப்பு இந்த வேலையில் இருக்கிறது.

திறமையான இருவரை ஓர் அணி இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒருவர் களைத்தால் மற்றவரை இறக்குவது ஒன்று. அது ஆலைத் தொழிலாளர்களின் ஷிப்ட் மாதிரி. இருவரையும் ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்துவது இன்னொன்று. புள்ளிவிவரப் பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் நடக்கும் குழப்பங்களில் பாதி அங்கிருந்து வருகிறது.

இருவரையும் சேர்த்து நிறுத்தியதற்கு மூத்த உதாரணம் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. பயிற்சியாளர் எர்ல் பிளெய்க்கின் அணி 1944 முதல் 1946 வரை மூன்று பருவங்களில் 27 வெற்றி பெற்றது, ஒன்றில் சமன், தோல்வியே இல்லை. அந்த ஒரு சமன் 1946 நவம்பரில் நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் நோட்டர்டேம் அணியோடு 0-0. டாக் பிளான்சர்டு நடுவில் முட்டிப் பிளந்துகொண்டு போகிறவர். கிளென் டேவிஸ் ஓரத்தைச் சுற்றிப் பறக்கிறவர். முன்னவருக்கு உள்ளாள், பின்னவருக்கு வெளியாள் என்கிற பொருளில் பட்டப்பெயர்கள் ஒட்டிக்கொண்டன. 1945இல் பிளான்சர்டுக்கும் 1946இல் டேவிஸுக்கும் ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. ஒரே அணியின் பின்வரிசையில் நின்ற இருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள். 1945இல் டேவிஸ் பந்தைத் தொட்டு ஓடிய ஒவ்வொரு முறைக்கும் சராசரி 11.5 யார்டு. பிளான்சர்டு நடுவில் பாய்வார் என்ற பயத்தில் எதிரணி உள்ளே சுருங்கும்போது வெளியே திறக்கும் நிலம் டேவிஸுடையது. போர்க்காலத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் ராணுவக் கல்லூரிகளில் குவிந்திருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தச் சராசரியில் டேவிஸின் காலுக்கு எவ்வளவு பங்கு, பிளான்சர்டு நின்ற இடத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கேட்டாலும் முடியாது.

தொழில்முறை ஆட்டத்தில், அதாவது என்எஃப்எல் எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கில், இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரு பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். ஒரே பருவத்தில் ஒரே அணியில் இருவர் தலா 1,000 யார்டு ஓடியது. 2019 வரை இப்படி ஏழு ஜோடிகள். 1972 மயாமி டால்ஃபின்ஸ் அணியின் லாரி சோங்காவும் மெர்க்குரி மோரிஸும். 1976 பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ஃபிராங்கோ ஹாரிஸும் ராக்கி பிளையரும். 1985 கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் கெவின் மேக்கும் எர்னஸ்ட் பைனரும். 2006 அட்லாண்டாவின் வாரிக் டன், மைக்கேல் விக். 2008 நியூயார்க் ஜயன்ட்ஸின் பிராண்டன் ஜேக்கப்ஸ், டெரிக் வார்டு. 2009 கரோலைனாவின் ஜொனதன் ஸ்டூவர்ட், டிஆஞ்சலோ வில்லியம்ஸ். 2019 பால்டிமோரின் லமார் ஜாக்சன், மார்க் இங்ரம். இவர்களில் விக்கும் ஜாக்சனும் குவார்ட்டர்பேக்குகள்.

பட்டியல் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தந்தப் பருவம் எப்படி முடிந்தது என்று பக்கத்திலேயே எழுதிப்பார்த்தால் அழகு கொஞ்சம் கலைகிறது. ஏழில் பட்டம் வென்றது ஒன்றே ஒன்று, 1972 மயாமி. பிரவுன்ஸும் கரோலைனாவும் 8 வெற்றி 8 தோல்வி. அட்லாண்டா 7-9. ஜயன்ட்ஸும் பால்டிமோரும் பருவம் முழுவதும் கொடிகட்டிப் பறந்துவிட்டுத் தங்கள் முதல் நாக் அவுட் ஆட்டத்திலேயே வெளியேறின. இரண்டு ஓட்டக்காரர்களின் செழிப்பு ஏன் வெற்றியாக விளையவில்லை?

விடை வீசுபவரிடம் இருக்கிறது. மயாமியின் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி 1972 பருவத்தின் ஐந்தாவது ஆட்டத்தில் கால் உடைந்து விழுந்தார். 38 வயது எர்ல் மோரல் அவர் இடத்துக்கு வந்தார். 1976 ஸ்டீலர்ஸில் டெர்ரி பிராட்ஷா காயம்பட, மைக் குருசெக் என்ற புதுப்பையன் ஆறு ஆட்டங்களைத் தொடங்கினார். 1985 பிரவுன்ஸில் பெர்னி கோசார் முதலாண்டுக்காரர். அட்லாண்டாவின் விக் ஓடுவதில் சூரர், வீசுவதில் நிலையில்லாதவர். 2009 கரோலைனாவில் ஜேக் டெலோம் 8 டச்டவுன் வீசி 18 முறை பந்தை எதிரியின் கையில் கொடுத்தார். ஏழில் ஐந்து அணிகள், வீச வழியில்லாமல் அல்லது வீசப் பயந்து ஓடிய அணிகள். கிணற்றில் நீர் வற்றும்போது குளத்துக்குக் குடம் கூடுதலாகப் போகும். அதைக் குளத்தின் பெருமை என்று எழுதிவைத்துவிடுகிறோம்.

மயாமி மட்டும் ஏன் விதிவிலக்கு? பயிற்சியாளர் டான் ஷூலாவின் அந்த அணி 17 ஆட்டங்களையும் வென்றது. அப்படி ஒரு முழுமையான பருவம் லீக்கின் வரலாற்றில் வேறில்லை. உண்மையில் அங்கே இருந்தவர்கள் மூவர். சோங்கா நடுவில் நிரந்தரம். அவருக்குப் பக்கத்து இடத்தை வேகக்காரர் மோரிஸும், மறிப்பதிலும் பந்தைப் பிடிப்பதிலும் தேர்ந்த ஜிம் கிக்கும் மாறி மாறி நிரப்பினார்கள். முந்தைய ஆண்டுவரை அந்த இடம் கிக்குடையது. பங்கு போட்டதில் அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. முன்வரிசையில் லாரி லிட்டில், ஜிம் லாங்கர் என்று பிற்காலத்தில் புகழ்மண்டபத்துக்குப் போன லைன்மேன்கள். அணி மொத்தம் ஓடியது 2,960 யார்டு. அன்றைக்கு அது சாதனை. அடுத்த பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது: கிரீஸி குணமாகி வந்த பிறகும் ஆட்டம் முழுவதிலும் வீசியது 7 முறை. சோங்கா 33 முறை ஏந்தி 145 யார்டு ஓடினார். மினசோட்டாவை 24-7 என்று வென்றார்கள். வீசத் தெரிந்தும் வீசாமலிருந்த அணி அது. இல்லாமையால் ஓடியவர்களுக்கும் இவர்களுக்கும் அதுதான் வித்தியாசம்.

மோரிஸின் 1,000 பற்றி ஒரு சின்னக் கதை உண்டு. பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் இருந்தது 991. பஃபலோ அணியோடு ஆடியபோது பின்பக்கமாகப் போன பந்து ஒன்று தரையில் விழ, 9 யார்டு நஷ்டத்தை அவர் பெயரில் எழுதியிருந்தார்கள். லீக் அதிகாரிகள் படச்சுருளை மறுபடி பார்த்து அந்த 9 யார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சரியாக 1,000. ஏழு ஜோடிகளின் பட்டியல் இப்படி ஒரு திருத்தத்தில்தான் தொடங்குகிறது.

எனக்குப் பிடித்த ஜோடி மயாமியுடையது அல்ல, பிட்ஸ்பர்க்குடையது. ராக்கி பிளையர் 1968இல் அணிக்கு வந்து, அதே ஆண்டு ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, 1969 ஆகஸ்டில் வியட்நாமில் தொடையில் குண்டும் பாதத்தில் கையெறிகுண்டுச் சிதறல்களும் வாங்கியவர். இனி ஆட முடியாது என்று சொல்லப்பட்டவர். திரும்பி வந்து ஹாரிஸின் பக்கத்தில் இடம்பிடித்தது ஓட்டத்தால் அல்ல, மறிக்கும் திறத்தால். ஹாரிஸுக்கு முன்னால் ஓடி எதிரியை முட்டுவார். எதிரணி ஹாரிஸையே பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் பந்து இவர் கைக்கு வரும். 1976இல் ஹாரிஸ் 1,128, பிளையர் 1,036. பிளையர் வாழ்க்கையில் 1,000ஐத் தாண்டிய ஒரே பருவம் அது. முதல் ஐந்தில் நான்கைத் தோற்ற அணி அடுத்த ஒன்பதையும் வென்றது. (அந்த ஒன்பதில் எதிரிகள் எடுத்த மொத்தப் புள்ளிகள் 28 என்பதால் பெருமையில் பெரும்பங்கு தற்காப்புக்குத்தான்.) பிறகு பால்டிமோரோடு ஆடிய நாக் அவுட் ஆட்டத்தில் இருவருமே காயம்பட்டார்கள். அடுத்த வாரம் ஓக்லாந்தில் இருவரும் இல்லாமல் இறங்கிய ஸ்டீலர்ஸ் 24-7 என்று தோற்றது. ஜோடியின் மதிப்பை அளக்க இதைவிடக் கொடிய சோதனை கிடைக்காது.

ஓர் உறையில் இரு வாள் இருக்காது என்பார்கள். அதற்குச் சாட்சி வேண்டுமானால் லாஸ் ஏஞ்சலிஸ் ரெய்டர்ஸ் அணியைப் பார்க்கலாம். மார்கஸ் ஆலன் 1981இல் ஹைஸ்மன் வென்றவர். 1985இல் 1,759 யார்டு ஓடி லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். 1987இல் போ ஜாக்சன் வந்தார்; அவரும் 1985 ஹைஸ்மன்காரர். கோடையில் கான்சாஸ் சிட்டியில் பேஸ்பால் ஆடிவிட்டு, பருவத்தின் நடுவில் வந்து சேர்வார். வந்ததும் பந்து அவருக்கு. ஆலன் முன்னால் நின்று மறிக்கும் ஃபுல்பேக் ஆனார். காகிதத்தில் இது கனவு. நடந்தது வேறு: 1987இல் 5-10, 1988இல் 7-9, 1989இல் 8-8. 1990இல்தான் 12-4. அந்தப் பருவத்து நாக் அவுட்டில், 1991 ஜனவரியில், ஜாக்சனின் இடுப்பு முறிந்தது. அதோடு அவருடைய கால்பந்து முடிந்தது. நான்கு பருவங்களில் ஒருமுறைகூட அவர் 1,000ஐத் தொடவில்லை. ஆலன் வாய்மூடி மறித்தார் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் ஒருவர் பாதிப் பருவத்துக்கு மட்டும் வந்துபோகும் வீட்டில், இருவருக்கும் பழகிய ஒரு குடித்தனம் அமையவே இல்லை. ஆலன் பிற்பாடு கான்சாஸ் சிட்டிக்குப் போய் 1997 வரை ஆடினார்.

இதற்கு நேர் எதிர், 2004 ஆபர்ன் பல்கலைக்கழகம். கார்னெல் வில்லியம்ஸ், ரானி பிரவுன் இருவருமே முதன்மை ஓட்டக்காரராக இருக்கத் தகுந்தவர்கள். புதிதாக வந்த தாக்குதல் பயிற்சியாளர் அல் போர்ஹஸ் இருவரையும் ஒன்றாக நிறுத்தினார். பிரவுன் மறிப்பார், பந்து பிடிப்பார், தேவைப்பட்டால் ஓடுவார். வில்லியம்ஸ் 1,165 யார்டு. பிரவுன் 913 ஓடி, மேலும் 313 யார்டுக்குப் பந்தைப் பிடித்தார். 13-0. வேலையைப் பங்குபோட்டதால் சந்தை மதிப்பு குறையும் என்ற பயத்துக்கும் பதில் வந்தது: என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2005இல், பிரவுன் இரண்டாவதாகவும் வில்லியம்ஸ் ஐந்தாவதாகவும் எடுக்கப்பட்டார்கள்.

பிரவுன் போய்ச் சேர்ந்த இடம் மயாமி. அங்கே இன்னொரு வில்லியம்ஸ், 1998 ஹைஸ்மன்காரர் ரிக்கி வில்லியம்ஸ். 2007இல் அந்த அணி 1-15 என்று சீரழிந்தது. 2008 செப்டம்பர் 21, நியூ இங்கிலாந்து மைதானம். எதிரணி வழக்கமான பருவத்தில் தொடர்ந்து 21 ஆட்டங்களை வென்றிருந்தது. மயாமி திடீரென்று குவார்ட்டர்பேக் சாட் பென்னிங்டனை ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, பிரவுன் கையிலேயே நேராகப் பந்தைக் கொடுத்தது. வில்லியம்ஸ் பக்கவாட்டில் ஓடிவந்து பிரவுன் முன்னால் கடப்பார். பந்தை அவரிடம் கொடுக்கலாம், கொடுப்பதுபோல் காட்டித் தானே நடுவில் பாயலாம், வீசவும் செய்யலாம். பிரவுன் நான்கு டச்டவுன் ஓடினார், ஒன்று வீசினார். 38-13.

வைல்ட்கேட் என்று பெயர்பெற்ற இந்த அமைப்பை மந்திரம்போல எழுதினார்கள். முன்னால் போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் ஆள் இங்கே இல்லை. ஓரத்தில் நிற்கும் பென்னிங்டனைக் காக்க எதிரணியில் ஒருவன் போயாகவேண்டும். குறுக்கே ஓடும் வில்லியம்ஸைப் பார்த்து இன்னொருவன் ஓரடி நகர்கிறான். தற்காப்பின் அந்தக் கூடுதல் ஆள் கரைந்துபோனான். மயாமியின் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டேவிட் லீ இதை ஆர்கன்சா பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்தார். அங்கே டேரன் மெக்ஃபேடனும் ஃபீலிக்ஸ் ஜோன்ஸும் இதை ஆடினார்கள். மயாமி 11-5 என்று பருவத்தை முடித்துத் தன் பிரிவை வென்றது. ஆனால் நவம்பரில் அதே நியூ இங்கிலாந்து மறுபடி வந்தபோது 48-28 என்று மயாமியை வென்றது. எதிரணிகள் படித்துக்கொண்டுவிட்டன. பிரவுனுக்கு வீசும் கை உண்மையில் இல்லை என்பது தெரிந்ததும் பின்னால் நின்ற காவலர்கள் பயமின்றி முன்னேறினார்கள்.

இவ்வளவு பலன் இருந்தும் இன்று இருவரையும் சேர்த்து நிறுத்துவது ஏன் அரிதாகிவிட்டது? முதல் காரணம் இடம். இரண்டாவது ரன்னிங் பேக் நிற்கும் இடத்தில் மூன்றாவது பந்துபிடிப்பவரை நிறுத்தலாம். 1978இல் வீச்சுக்குச் சாதகமாக விதிகள் மாறிய பிறகு அந்த ஆளுக்குத்தான் கிராக்கி. பயிற்சியாளர் பில் வால்ஷ் இதற்கு ஒரு வழி கண்டார். சான் ஃபிரான்சிஸ்கோவில் வென்டல் டைலர் பக்கத்தில் நிறுத்திய ரோஜர் கிரெய்க்கை ஓட்டக்காரராகவும் பந்துபிடிப்பவராகவும் வளர்த்தார். 1985இல் கிரெய்க் 1,050 யார்டு ஓடி 1,016 யார்டுக்குப் பிடித்தார். அப்படிப்பட்டவர்கள் எல்லா மரத்திலும் காய்ப்பதில்லை. இரண்டாவது காரணம் பணம். 2023இல் ஓர் ஆட்டக்காரரை ஓராண்டுக்குத் தக்கவைக்கும் கட்டாயத் தொகை குவார்ட்டர்பேக்குக்கு சுமார் 3.24 கோடி டாலர். ரன்னிங் பேக்குக்கு சுமார் 1.01 கோடி. இந்த வேலைக்கு லீக் வைத்திருக்கும் மரியாதை இவ்வளவுதான் என்னும்போது, இருவரை வாங்கி ஒன்றாக நிறுத்துவதை ஆடம்பரமாகவே கணக்காளர்கள் பார்ப்பார்கள்.

என் கணிப்பில் அது கணக்காளரின் தவறு. விலை குறைந்த சரக்கில் இரண்டு நல்லதை வாங்குவது சிக்கனமே. டெட்ராய்ட் லயன்ஸ் 2023இல் அதைத்தான் செய்தது. டேவிட் மான்ட்கோமரியை மூன்றாண்டுக்கு 1.8 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தத்தில் எடுத்தது; சில வாரங்களில் டிராஃப்டின் 12ஆவது இடத்தில் ஜமீர் கிப்ஸை எடுத்தது. அத்தனை உயர்ந்த இடத்தை ஒரு ரன்னிங் பேக்குக்கு வீணடித்துவிட்டார்கள் என்று பலர் சிரித்தார்கள். மான்ட்கோமரி முட்டுகிறவர், கிப்ஸ் நழுவுகிறவர். பெரும்பாலும் மாறி மாறி, சில வேளைகளில் சேர்ந்தும் இறங்கினார்கள். மான்ட்கோமரி 13 டச்டவுன் ஓடினார், கிப்ஸ் 10. குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் நலமாக, நன்றாக வீசிக்கொண்டிருந்த அணியில் இது நடந்தது. 1993க்குப் பிறகு முதல்முறையாக லயன்ஸ் தன் பிரிவை வென்றது. அடுத்த பருவம் 15-2.

ரோஸ் பவுலின் அந்த ஆறடியில் புஷ் களத்தில் நின்று வெறுமனே ஓரமாக ஓடியிருந்தால், டெக்சாஸ் வீரன் ஒருவனாவது அவர் பின்னால் போயிருப்பான். அப்போதும் ஒயிட் நிறுத்தப்பட்டிருக்கலாம். ஆனால் நிறுத்துபவர்களில் ஒருவன் குறைந்திருப்பான். பயிற்சியாளர் தன் சிறந்த ஆயுதத்தைத் தானே உறையில் போட்டுக்கொண்டார் என்பதே என் தீர்ப்பு.

லயன்ஸ் ஜோடிக்கு 2023இல் கிடைத்த யார்டுகள்: மான்ட்கோமரி 1,015, கிப்ஸ் 945. 55 யார்டு குறைவதால் ஆயிரக்காரர்களின் அந்தப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை.